நந்தனுக்குக் கொச்சியில் ஒரு சொந்தக்காரர்

போன வருஷம் எங்க டிபார்ட்மெண்ட் ஐ.வி.க்குக் கொச்சி போச்சு. ஐ.வி.ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன? அரை நாள் தொழிற்சாலை, மிச்ச நாள் எல்லாம் ஊர் சுத்தல். சிதம்பரத்துல சாயங்காலம் பஸ் ஏறி, ராத்திரி முழுக்கப் பாட்டுப் போட்டு டிரைவர் அண்ணனைத் தூங்க விடாம பார்த்துக்கிட்டு, விடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போய்ச் சேர்ந்தோம். அன்னைக்கு சனிக்கிழமை. மட்டாஞ்சேரியில யூதர்களோட பழைய ஜெப ஆலயம் ஒண்ணு இருக்கு, போட்டோவுக்கு சூப்பரா இருக்கும்னு யாரோ சொல்ல, மொத்தக் கும்பலும் அங்க போய் நின்னோம். பூட்டியிருந்துச்சு. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். முப்பது இன்ஜினியர்களில் ஒருத்தருக்குக்கூட அது தோணல.

சுக்கும் ஏலக்காயும் மணக்கிற அந்தத் தெருவுல சும்மா நின்னுட்டிருந்தப்போ, எங்க செட்டுல இருக்கற சேலத்துக்காரன் திடீர்னு குதிச்சான். பெயர்ப்பலகையில ஏ.பி. சேலம் ரோடுன்னு போட்டிருந்தது. கொச்சியில நம்ம ஊருக்கு ரோடே வச்சிருக்காங்கடான்னு அவன் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டான். எனக்கு மட்டும் அந்த இனிஷியல் உறுத்திச்சு. ஊருக்கு எதுக்கு இனிஷியல்? பஸ்ல உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். ஊருக்குத் திரும்பியும் விடல. லைப்ரரி, நண்பனோட அண்ணன்கிட்ட இருந்த புத்தகம்னு ஒரு மாசம் ஓடுச்சு. அந்த மனுஷனோட கதையைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். நீங்க கடலூரோ சிதம்பரமோன்னா, இந்தக் கதை உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். ஏன்னு போகப் போகப் புரியும்.

ஆப்ரஹாம் பராக் சேலம். 1882-ல் கொச்சியில் பிறந்தவர். வக்கீல், சட்டமன்ற உறுப்பினர், காங்கிரஸ்காரர், யூதர். யூத காந்தின்னு அவரைச் சொல்லுவாங்க. இந்தப் பட்டம் எல்லாம் பின்னாடி வந்தது. பிறந்தப்போ அவருக்கு இருந்தது ஒரே ஒரு அடையாளம்தான், அதை விளக்கணும்னா ஆயிரம் வருஷம் பின்னாடி போகணும்.

கேரளக் கரையில யூதர்கள் எப்போ வந்து இறங்கினாங்கன்னு ஆளுக்கொரு கதை இருக்கு. கையில் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கற சான்று ஒரு செப்பேடு. ஏறக்குறைய கி.பி. 1000-ல், அதாவது இங்க ராஜராஜ சோழன் ஆண்டுகிட்டிருந்த காலத்துல, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்கிற யூத வணிகத் தலைவனுக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் முழுசாப் பிரியாத காலத்து மொழி. கொஞ்சம் முயற்சி பண்ணினா நீங்களே பல சொற்களை அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். 72 உரிமைகள் தரப்படுது. பகல் விளக்கு, குடை, தோரணம், பாவாடை. சிரிக்காதீங்க, பாவாடைன்னா பெரியவங்க நடந்து வர்றப்போ தரையில விரிக்கிற துணி. அதோட படிப்புரை, அதாவது வீட்டு முகப்புல வாசல் கட்டடம் கட்டிக்கிற உரிமை. வாசல்கூட ராஜா எழுதிக் கொடுத்தாத்தான் கட்ட முடியும்னு இருந்த காலம் அது. இந்த வாசல் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதுக்கு ஐந்நூறு வருஷம் கழிச்சு, 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டி அடிச்சது. அப்படித் துரத்தப்பட்டவங்க சிலர் சுத்தி வளைச்சுக் கொச்சிக்கு வந்தாங்க. பின்னாடி சிரியா, ஈராக் பக்கமிருந்தும் குடும்பங்கள் வந்தது. அவங்களுக்கு இங்க பேர் பரதேசிகள். நம்ம ஊர்ல அது திட்டு, அங்க அது வெளிதேசத்துக்காரர்னு மட்டும்தான் அர்த்தம். 1568-ல் கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுக்க, அவங்க ஆலயம் கட்டினாங்க. நாங்க பூட்டின கதவைப் பார்த்துட்டு நின்னது அந்த ஆலயத்து வாசல்லதான்.

அகதியா வந்து நின்னவங்களுக்கு ஊர் இடம் கொடுத்தது. வந்தவங்க ஊர்ல எதைக் கத்துக்கிட்டாங்க தெரியுமா? சாதியை. ஏற்கெனவே பல நூற்றாண்டா இங்க இருந்த மலபார் யூதர்களைக் கறுப்பு யூதர்னு பேர் வச்சுத் தள்ளி நிறுத்தினாங்க. தங்களை வெள்ளை யூதர்னு சொல்லிக்கிட்டாங்க. மலபார் யூதர்களுக்குத் தனியா ஆலயங்கள் இருந்தது, அதனால அவங்க பாடு அவங்களோட. உண்மையான சிக்கல் மூணாவதா ஒரு கூட்டத்துக்கு. பரதேசி வீடுகள்ல அடிமையா இருந்து, யூத மதத்துக்கு மாற்றப்பட்டு, பிறகு விடுதலை செய்யப்பட்டவங்க, அவங்களோட வாரிசுகள். அவங்களை மெசுஹ்ரரீம்னு கூப்பிட்டாங்க. ஹீப்ரூவில் விடுவிக்கப்பட்டவர்கள்னு அர்த்தம். பேருல மட்டும் விடுதலை.

அவங்க வேண்டிக்கிட்டது அதே பரதேசி ஆலயத்துல. ஆனா உள்ளே பெஞ்சுல உட்காரக் கூடாது. முன்னறையில தரையில, இல்லன்னா படிக்கட்டுல. தோராவை, அதாவது வேதச் சுருளை, வாசிக்க அவங்களை மேடைக்குக் கூப்பிட மாட்டாங்க. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. செத்தாலும் அதே இடுகாட்டுல இடம் கிடையாது. மதம் ஒண்ணு, வேதம் ஒண்ணு, பண்டிகை ஒண்ணு, பேசுற மலையாளமும் ஒண்ணு. சேலம் பிறந்தது இந்தக் கூட்டத்துல.

இப்போ உங்களுக்கு ஆதனூர் நந்தன் ஞாபகம் வந்திருப்பான். வராம இருந்தா நீங்க நம்ம மாவட்டமே கிடையாது. நாளைக்குப் போறேன் நாளைக்குப் போறேன்னு சொல்லிச் சொல்லித் திருநாளைப்போவார்னு பேரே வாங்கின பண்ணையாள், தில்லைக்கு வந்தும் உள்ளே போக முடியாம ஊரைச் சுத்திச் சுத்தி வந்தவன். கடைசியில தீயில் இறங்கித் தூய்மையாகித்தான் உள்ளே போனான்னு புராணம் சொல்லுது. சின்ன வயசுல கதாகாலட்சேபத்துல கேட்டப்போ எனக்கு அழுகை வந்தது. இப்போ யோசிச்சா கோபம்தான் வருது. தூய்மை பண்ணிக்க வேண்டியது அவனா?

கொச்சிக் கதையிலும் இப்படி ஒரு சடங்கு வருது. தீ இல்ல, தண்ணீர். 16-ம் நூற்றாண்டுல கொச்சியிலிருந்து எகிப்துக்கு ஒரு கேள்வி போச்சு. அங்க கெய்ரோவுல டேவிட் இப்ன் ஸிம்ரான்னு ஒரு ராபி, யூத உலகம் முழுக்க மதிச்ச சட்ட அறிஞர். இங்க சிலரை அடிமை வம்சம்னு சொல்லி ஒதுக்குறாங்க, திருமணம் செய்துக்க மாட்டேங்குறாங்க, இது சரியான்னு கேள்வி. அவரோட தீர்ப்பு சுருக்கமா இதுதான்: சந்தேகம் இருந்தா, முறைப்படி ஒரு தடவை தண்ணீர்ல முங்கி எழட்டும், அதோட அவங்க முழு யூதர்கள், தாராளமா மணம் செய்யலாம். முடிஞ்சது விஷயம். அதாவது சேலம் பிறக்க 300 வருஷத்துக்கு முன்னாடியே, அவங்க சொந்த மதத்தோட சட்டப் புத்தகத்துலேயே வழக்கு ஜெயிச்சாச்சு. தீர்ப்பை அமல்படுத்த மட்டும் கொச்சியில ஆள் இல்ல.

இடையில யாரும் எதிர்க்கலைன்னு நினைக்காதீங்க. 19-ம் நூற்றாண்டுல ஒரு கூட்டம் வெளியே வந்து தனியா வழிபட முயற்சி பண்ணுச்சு. நிலைக்கல. சின்னக் கூட்டம், பணமும் கிடையாது. திரும்பவும் அதே படிக்கட்டுக்குத்தான் வரவேண்டியிருந்தது.

சேலம் அந்தப் படிக்கட்டுல இருந்து நேரா காலேஜுக்குப் போனார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி, அப்புறம் மெட்ராஸ். பி.ஏ. பட்டம், கூடவே சட்டம். அவர் சமூகத்துல முதல் பட்டதாரி, முதல் வக்கீல். ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட்டுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல வரிசையில நின்னவங்க நம்மள்ல எத்தனை பேர்? அந்த வார்த்தையோட கனம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு வித்தியாசம், அவர் வீட்டுக்குள்ள மட்டும் முதல் ஆள் கிடையாது, அந்தப் படிக்கட்டுல தலைமுறை தலைமுறையா உட்கார்ந்த அத்தனை பேருக்கும் முதல் ஆள்.

இந்த இடத்துலதான் அவர் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போனார். படிச்சு முடிச்சதும் அவருக்குத் தப்பிக்க வழி இருந்தது. மெட்ராஸ்லயே வக்கீலா இருந்திருக்கலாம், அங்க அவரை யாரும் படிக்கட்டுல உட்காரச் சொல்லப் போறதில்ல. கோவிச்சுக்கிட்டு மதத்தையே விட்டிருக்கலாம். அவர் எர்ணாகுளத்துல தொழில் பண்ணிக்கிட்டு அதே யூதத் தெருவோட ஒட்டிக்கிட்டே இருந்தார். தொழிலாளர் சங்கங்கள் கொச்சியில தலையெடுக்கிற காலம் அது, அவங்க பக்கம் நின்னார். 1925-லிருந்து 1931 வரைக்கும் கொச்சி சட்டசபையில உறுப்பினர், பிறகு 1939-லிருந்து 1945 வரைக்கும் மறுபடியும். ராஜாவோட சபையில எழுந்து நின்னு பேசுற ஆள், சனிக்கிழமை காலையில ஆலயத்துக்கு வந்தா பெஞ்சுல உட்கார முடியாது. இதை யோசிச்சுப் பாருங்க.

அப்போ சுத்துப்பட்டு எல்லாம் வாசல் சண்டைதான் நடந்துக்கிட்டிருந்தது. பக்கத்துத் திருவிதாங்கூர்ல 1924-ல் வைக்கம். கோயிலைச் சுத்தியிருக்கற தெருவுல நடக்கற உரிமைக்கான சத்தியாகிரகம். நம்ம பெரியார் போய் ஜெயிலுக்குப் போன கதை ஸ்கூல் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. 1931-ல் குருவாயூர். 1929 கடைசியில சேலம் லாகூர் காங்கிரஸுக்குப் போனார், முழு விடுதலைதான் வேணும்னு தீர்மானம் போட்ட அதே மாநாடு. தேசத்துக்கு முழு விடுதலை கேட்டுட்டு ஊருக்கு ரயில் ஏறி வந்து படிக்கட்டுல உட்கார அவரால முடியல.

அவர் செஞ்சது சத்தியாகிரகம். கொஞ்ச காலம் ஆலயத்துக்கே போகாம புறக்கணிச்சார். புறக்கணிப்பைவிடத் தலைவலி கொடுக்கிறது எதுன்னா, போறது. போய், உட்காரக் கூடாதுன்னு சொன்ன இடத்துல உட்கார்றது. தன் பிள்ளைகளையும் அந்தப் போராட்டத்துல சேர்த்துக்கிட்டார். கத்தல் கிடையாது, கைகலப்பு கிடையாது. இங்க ஒரு விஷயம், எதிரே இருந்தவங்க முகம் தெரியாத அதிகாரிங்க இல்ல. ஒரே தெரு. எதிர் வீடு, பக்கத்து வீடு. தினமும் வாசல்ல பார்க்கிற முகங்கள். பெரிய அரசாங்கத்தை எதிர்த்து நிக்கிறது ஒரு வகை தைரியம், எதிர் வீட்டுக்காரரை வருஷக்கணக்கா எதிர்த்துக்கிட்டு அவர் முகத்துலயே முழிக்கிறது வேற வகை. இரண்டாவதுதான் கஷ்டம்னு எனக்குத் தோணுது. ஹாஸ்டல்ல இருக்கறவங்க ஒத்துக்குவீங்க.

அதோட அவர் படிச்சார், எழுதினார். 1929-ல் அந்த ஆலயத்தோட வரலாற்றை ஆங்கிலத்துல ஒரு சின்னப் புத்தகமா வெளியிட்டார். பேர் எடர்னல் லைட், அணையா விளக்குன்னு வச்சுக்கலாம். நல்லா கவனிங்க. எந்த ஆலயம் அவரை மேடைக்குக் கூப்பிடலையோ, அதே ஆலயத்தோட கதையை எழுதினவர் அவர்தான். வாசல்ல நிக்கிறவனுக்குத்தான் கட்டடம் முழுசாத் தெரியும் போல. பல வருஷம் டைரியும் எழுதியிருக்கார்.

எதிர்ப்பு ஒரே நாள்ல உடையல. ஒவ்வொண்ணா நழுவுச்சு. 1930-களோட நடுப்பகுதிக்குள்ள பழைய தடைகள் பலதும் தளர்ந்துடுச்சு. பெஞ்சு கிடைச்சது, தோரா கிடைச்சது. கடைசி வரைக்கும் பிடிவாதமா நின்னது கல்யாணம். நம்ம ஊர்லயும் அப்படித்தானே? ஒண்ணா டீ குடிப்போம், ஒண்ணா படிப்போம், பொண்ணு கேட்டா மட்டும் அரிவாள் வரும். 1950-ல் சேலத்தோட மகன் பால்ஃபர், வெள்ளை யூதர்கள்ல பெரிய குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினார். கொச்சியில நடத்த முடியல, பம்பாய் போய்த்தான் நடந்தது. நாடு விடுதலையாகி மூணு வருஷம். அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது அதே வருஷம்தான்.

இங்க கொஞ்சம் நிறுத்தி நம்ம ஊருக்கு வர்றேன். அதே காலத்துல சிதம்பரத்துல சுவாமி சகஜானந்தர் இருந்தார். 1890-ல் பிறந்தவர், சேலத்துக்கு எட்டு வயசு இளையவர். 1916-ல் இங்க நந்தனார் பேர்ல பள்ளி தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு. அவரும் சட்டமன்றம் போனார், கோயில் நுழைவுக்காகவும் குரல் கொடுத்தார். இன்னைக்கும் அந்தப் பள்ளி இருக்கு, நீங்க அந்த வழியா எத்தனையோ தடவை போயிருப்பீங்க. ரெண்டு பேரும் சந்திச்சதா எங்கேயும் நான் படிக்கல, நான் சும்மா பக்கத்துல வச்சுப் பார்க்கிறேன். சகஜானந்தர் வாசலுக்கு வெளியே இன்னொரு வீட்டையே கட்டினார். சேலம் அதே வாசல்ல உட்கார்ந்து கதவைத் தட்டிக்கிட்டே இருந்தார். எது சரின்னு எங்க ரூம்ல ஒரு ராத்திரி பூரா சண்டை. சகஜானந்தருக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தாங்க, கட்ட முடிஞ்சது. சேலத்தோட கூட்டம் ஒரு தெருவுக்குள்ள அடங்கிடும், அதைத் தனியாப் பிரிச்சா கரைஞ்சே போயிருக்கும். எண்ணிக்கையைப் பொறுத்து வழி மாறுதுன்னு நான் சொன்னேன். ரூம்ல யாரும் ஒத்துக்கல.

சேலத்தோட இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும், இல்லன்னா பாதிக் கதைதான். 1933-ல் அவர் பாலஸ்தீனம் போயிட்டு வந்தார். இந்திய தேசியவாதியா இருந்துகிட்டே, யூதர்களுக்கு ஒரு தாயகம் வேணும்கிற சியோனிசக் கருத்திலும் தீவிரமானார். மகனுக்குப் பால்ஃபர்னு பேர் வச்சிருக்காரே, அது யூதத் தாயகத்துக்கு ஆதரவா 1917-ல் பிரிட்டன் வெளியிட்ட பால்ஃபர் பிரகடனத்தோட பேர். பிரிட்டிஷாரை வெளியே போகச் சொல்ற கட்சியில இருந்துகிட்டு பிரிட்டிஷ் அமைச்சர் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது முரண்பாடு இல்லையான்னு நீங்க கேட்டா, ஆமாம், முரண்பாடுதான். அந்தப் பிரகடனம் பாலஸ்தீன அரபு மக்களுக்கு என்ன செஞ்சதுன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும். பெரிய மனுஷன்னா எல்லாத்துலயும் நம்ம பக்கம் நிப்பார்னு எதிர்பார்க்க முடியாது.

1948-ல் இஸ்ரேல் உருவானதும் கொச்சி யூதர்கள் அங்க போகத் துடிச்சாங்க. அப்போ மொத்தம் 2,000 பேருக்கு மேல, பெரும்பாலும் மலபார் யூதர்கள். ஆனா அங்கிருந்து அழைப்பு உடனே வரல. தயக்கத்துக்கு ஒரு காரணம் என்ன தெரியுமா? யானைக்கால் நோய். நம்ம கடலூர் பக்கம் ராத்திரியில வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்களே, வீட்டுக்கு வீடு மாத்திரை கொடுப்பாங்களே, அதே நோய். கொச்சியிலயும் அது பரவலா இருந்தது. வந்தா அங்கேயும் பரவும்னு பயம். மறுபடியும் ஒரு வாசல், மறுபடியும் சுத்தமா இருக்கியான்னு ஒரு கேள்வி. 1953-ல், எழுபது வயசைத் தாண்டின சேலம் இஸ்ரேல் போய் அவங்களுக்காகப் பேசினார். தன்னோட சின்னக் கூட்டத்துக்காக மட்டும் இல்ல, மலபார் யூதர்கள் அத்தனை பேருக்காகவும். 1954, 55-ல் பெரும்பாலானவங்க கிளம்பினாங்க. நெகேவ் பாலைவனத்து நெவாதிம் மாதிரி கிராமங்கள்ல குடியேறி விவசாயம் பார்த்தாங்க.

அவர் போகல. கொச்சியிலயே தங்கிட்டார். எல்லாரையும் வண்டி ஏத்தி அனுப்பிட்டு, காலியாயிட்டே வர்ற அதே தெருவுல இன்னும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல வாழ்ந்தார். 1967-ல் இறந்தார். ஒரு காலத்துல அவர் கூட்டத்துக்கு இடம் மறுத்த வெள்ளை யூதர்களோட இடுகாட்டுலயே அடக்கம் பண்ணினாங்க.

யூத மரபுல கூட்டுப் பிரார்த்தனை முழுசா நடக்கணும்னா வயது வந்த ஆண்கள் குறைஞ்சது பத்துப் பேர் வேணும். பரதேசி யூதர்கள் அவங்க நல்லா இருந்த காலத்துலயே நூத்துச் சொச்சம் பேர்தான். அவங்களும் ஒவ்வொரு குடும்பமாக் கிளம்ப, வயசானவங்க கண்ணை மூட, பத்துப் பேர் சேர்றதே பெரும்பாடாச்சு. வெளியூர்லருந்து யூத யாத்ரீகர்கள் வந்தாத்தான் எண்ணிக்கை நிறையும்னு ஆச்சு. பெஞ்சுல யாரை உட்கார விடறதுன்னு நூற்றாண்டுக் கணக்கா சண்டை போட்ட கூடத்துல, இப்போ பெஞ்சுல உட்கார ஆள் இல்ல.

எங்க கதை சனிக்கிழமையோட முடியல. ஞாயிற்றுக்கிழமை மத்தவங்க எல்லாம் லுலு மாலுக்குப் போனாங்க. நானும் அந்த சேலத்துக்காரனும் மட்டும் மட்டாஞ்சேரிக்குத் திரும்பப் போனோம். ஏ.பி. சேலம் ஊர் இல்ல, ஆள்னு பஸ்ல அவனுக்குக் காட்டிட்டேன், ஸ்டேட்டஸை அவன் இன்னும் அழிக்கல. ஆலயம் திறந்திருந்தது. சில ரூபாய் டிக்கெட். செருப்பை வெளியே விட்டுட்டு முன்னறையைத் தாண்டி நேரா உள்ளே போனோம், யாரும் எதுவும் கேட்கல. தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடு, கையால வரைஞ்சது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லன்னு சொல்றாங்க. மேலே கண்ணாடி விளக்குகள். சுவரோரமா பெஞ்சு. வரும்போது அவன் படிக்கட்டுல உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கிட்டிருந்தான், நான் பக்கத்துல உட்கார்ந்தேன். அடுத்த டூரிஸ்ட் கும்பல் வந்து, உள்ளே போக வழி விடச் சொல்ற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.